விறைத்த பாதமும் கதிர்காம நடையும்: ஒரு வாசகிக்கு மருத்துவரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து 47 வயதுடைய ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மகனின் சுகத்துக்காக வைத்த நேர்த்தியை நிறைவேற்றக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போக இருக்கிறார். வற்றாப்பளையிலிருந்து முழுத் தூரமும் நடக்க லீவு கிடைக்காது. அதனால் உகந்தையிலிருந்து கூமுனை, யால காட்டுவழியாகக் கதிர்காமம் வரையான கடைசிப் பகுதியை மட்டும் நடக்க எண்ணியிருக்கிறார். அது தூரம் குறைந்தது, ஆகவே ஆபத்தும் குறைவு என்பது அவருடைய கணக்கு. புறப்பட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

ஏழு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெற்போர்மினும் கிளிக்லசைட்டும் கொடுக்கிறார்கள். எடை 64 கிலோ. கனடாவில் இருக்கும் தம்பி, கணுக்காலை மூடும் நீர்புகாத தோல் சப்பாத்து ஒரு சோடியும், 60 லீற்றர் முதுகுப்பையும், தடித்த ஜக்கெற்றும் அனுப்பியிருக்கிறார். மாமியாரும் குழுவில் உள்ள மூத்தவர்களும் நேர்த்தி என்றால் வெறுங்காலோடுதான் போகவேண்டும் என்கிறார்கள். சப்பாத்தா வெறுங்காலா, சாறியா சல்வாரா, பையில் என்ன எடுத்துப்போவது என்று கேட்கிறார். நடக்கும் நாட்களில் சீனி தானாகக் குறையும் என்பதால் குளுசையை நிறுத்திவிட்டு விரதமும் இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: “ஒரு வருடமாகப் பஞ்சில் நடப்பதுபோல இருக்கிறது. அது ஒருவகையில் நல்லது, வெறுங்காலில் நடந்தாலும் அவ்வளவு நோகாது.”

பதில்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பஞ்சில் நடப்பதுபோல இருப்பது, நீண்டகாலச் சீனி வருத்தத்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழந்து வருவதன் அடையாளம். நோகாமல் இருப்பது உங்களுக்கு நன்மை செய்யவில்லை. நெருஞ்சி முள் குத்தினால் மற்றவர் அடுத்த அடி வைக்கமாட்டார், நின்று முள்ளை எடுப்பார். நீங்கள் அந்த முள்ளோடு பின்னேரம்வரை நடப்பீர்கள். குதியில் கொப்புளம் வந்தால் மற்றவருக்கு அரை மணித்தியாலத்தில் தெரியும். உங்களுக்கு மேசில் இரத்தம் கண்ட பிறகுதான் தெரியும். ஆகவே உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறேன்: வலி செய்யவேண்டிய காவலைச் சப்பாத்தும் மேசும் கண்ணும் கையும் செய்யவேண்டும். அதற்கு உதவும் பொருளை எடுங்கள், உதவாததை விடுங்கள்.

எதையும் வாங்குமுன் ஒரு பரிசோதனை

அடுத்த கிளினிக் நாளில் பாதப் பரிசோதனை செய்யும்படி நீங்களாகவே கேளுங்கள். நெரிசலான கிளினிக்குகளில் கேட்காவிட்டால் அது தவறிப்போகும். மொனோபிலமென்ற் என்ற மெல்லிய நைலோன் இழையைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. அந்தத் தொடுகை தெரியவில்லையென்றால் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். கூடவே பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் சிறு காயமும் ஆறாது.

உணர்ச்சியும் நாடியும் சரியாக இருந்தால், கீழே சொல்லும் ஆயத்தங்களோடு காட்டுவழியை யோசிக்கலாம். உணர்ச்சி போயிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. நீங்கள் அதைக் குறுகியது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணுகிறீர்கள். உண்மையில் யாத்திரை முழுவதிலும் உங்கள் காலுக்கு மிகவும் பொல்லாத பகுதி அதுதான். பல நாள் மணலும் முள்ளும் வெயிலும். நடுவில் வைத்தியசாலை இல்லை, கால் பழுதானால் திரும்பி வர பஸ்சும் இல்லை. அதற்குப் பதிலாக, வற்றாப்பளை அம்மன் வாசலிலிருந்து முல்லைத்தீவு, புல்மோட்டை, குச்சவெளிப் பக்கமாகச் செல்லும் யாத்திரிகர்களோடு சில நாள் மட்டும், நாளுக்கு 8 முதல் 10 கிலோமீற்றர் நடந்துவிட்டு, கதிர்காமத்துக்கு பஸ்சில் போங்கள். தெருவழியில் எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம். அவசரம் என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். நாடி பலவீனமாக இருந்தாலோ, பாதத்தில் ஏற்கெனவே ஆறாத புண் இருந்தாலோ, இந்த வருடம் நடை வேண்டாம்.

வெறுங்கால் பற்றி

நேர்த்தியை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடும் வெயிலில் தார்வீதி 60 பாகை செல்சியஸ்வரை சூடேறலாம். மணலும் கருங்கல்லும் அதற்கு அதிகம் பிந்தியவை அல்ல. உணர்ச்சியுள்ள கால் துள்ளி விலகும். விறைத்த கால் அதே இடத்தில் நிற்கும், உள்ளங்கால் வெந்துபோகும். கோயில் வெளிவீதியைச் சுற்றிவிட்டு உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு வரும் நீரிழிவு நோயாளிகளை எந்தக் கோடையிலும் வைத்தியசாலைகளில் காணலாம்.

சப்பாத்துக் கழற்றவேண்டிய இடங்களில் தடித்த மேசோடு நடவுங்கள். வீதி சுற்றுவதை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். குழுவை நடத்தும் சாமியிடம் புறப்படுவதற்கு முன்பே, மற்றவர்கள் இல்லாத நேரத்தில், “எனக்குச் சீனியால் கால் விறைப்பு, சப்பாத்துப் போடத்தான் வேணும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்” என்று சொல்லிவிடுங்கள். மாமிக்கும் இதே வார்த்தை போதும். வழியில் வைத்துத் தர்க்கப்படும் நிலை வரக்கூடாது. காலுக்கு என்ன போடுவது என்பது உங்களுடைய முடிவு, குழுவின் வாக்கெடுப்புக்கு உரியது அல்ல.

தம்பி அனுப்பிய சப்பாத்து

அது தரமான பொருளாகவே இருக்கலாம், ஆனால் வேறு நாட்டுக் காலநிலைக்குச் செய்தது. நீர்புகாச் சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெல்லிய படலம், வியர்வை ஆவியை வெளியே விடும் என்று சொல்லி விற்கிறார்கள். வெளிக்காற்றைவிட உள்ளே வெப்பமும் ஈரமும் நன்றாகக் கூடியிருந்தால்தான் அந்த ஆவி வெளியேறும். குளிர்தேசத்தில் அந்த வித்தியாசம் உண்டு. ஆடி மாதத்து 33, 34 பாகைச் சூட்டில் அது மிகக் குறைவு. கால் வியர்வையிலேயே ஊறும், ஊறிய தோல் எளிதில் உரியும். இன்னொன்று, கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது முழங்கால் அளவு தண்ணீர் இருந்தால் அது கணுக்காலுக்கு மேலாக உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீரை அதே படலம் வெளியே விடாது. நனைந்த தோல் சப்பாத்து காய ஒன்றிரண்டு நாள் எடுக்கும். விறைப்பான தோல் காலுக்குப் பழகவும் பல வாரம் வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது வலைத்துணி மேற்பாகமும், அடியில் பள்ளம் வெட்டிய கனமான றப்பரும் உள்ள நடைச் சப்பாத்து. கடையில் ‘ட்ரெயில் ரன்னிங் ஷூ’ என்று கேட்டால் காட்டுவார்கள். நனைந்தால் வெயிலில் சில மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். விரல் நுனியை மூடும் றப்பர் முகப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குதியின் பின்பக்கத்தை விரலால் அமுக்கினால் மசியக்கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல் மடியும் இடத்தில் மடியவேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். உள்ளே கையை விட்டுத் தடவி, பொருத்துத் தையல் எங்காவது மேடாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள், அதிலும் விறைத்த கால் உள்ளவர்கள். அவர்களுக்குச் சரியான சப்பாத்து தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். இறுக்கமானதைப் போட்டால்தான் “பிடிக்கிறது” என்று உணர்வார்கள், அதையே வாங்குவார்கள். ஆகவே உங்கள் உணர்வை நம்பாமல் அளவை நம்புங்கள். நாள் முழுவதும் நின்று கால் சற்று வீங்கிய பின்னேரத்தில், நடைக்குப் போடப்போகும் மேசோடு ஒரு கடதாசியில் நில்லுங்கள். வேறொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து இரண்டு காலையும் சுற்றி வரையட்டும். குதியிலிருந்து மிக நீண்ட விரல்வரை மில்லிமீற்றரில் அளந்து, பெரிய காலின் அளவை எடுங்கள். சப்பாத்தின் உள்நீளம் அதைவிட 10 முதல் 12 மில்லிமீற்றர் கூட இருக்கவேண்டும். கால் 238 என்றால் உள்நீளம் 248 முதல் 250. அகலத்துக்கு, உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து நிலத்தில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் எந்தப் பக்கத்திலாவது மெத்தையைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து ஒடுக்கம்.

குதி மேலும் கீழும் வழுக்கினால் அளவைக் குறைக்கவேண்டாம், கயிற்றை மாற்றிக் கட்டுங்கள். கணுக்கால் பக்கம் இருக்கும் கடைசித் துளைக்குள் கயிற்றை அதே பக்கத்தாலேயே விட்டு ஒரு சிறு வளையம் எடுங்கள். இடக்கயிற்றை வலது வளையத்துக்குள்ளும் வலக்கயிற்றை இடது வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துக் கட்டினால் குதி அசையாது, முன்பாதம் நெருக்கப்படாமலும் இருக்கும்.

பாட்டாச் செருப்பு வேண்டாம். விரலிடைப் பட்டி அறுக்கும். செருப்பு கழன்றுபோகாமல் இருக்க விரல்கள் ஓயாமல் சுருங்கும். வேலமுள் அந்த றப்பரைத் துளைத்து வரும். தங்குமிடத்துக்கும் ஆறு கடக்கவும், விரல் மூடிய, பின்பட்டி உள்ள இலேசான சாண்டில்ஸ் ஒரு சோடி போதும். ஆற்றில் ஒருபோதும் வெறுங்காலோடு இறங்காதீர்கள். கரையேறியதும் விரலிடுக்குகளையும் துவாயால் ஒற்றி, காய்ந்த பிறகு மேசு போடுங்கள்.

மேசு

தனிப் பருத்தி மேசு வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். பொலியெஸ்டர் அல்லது நைலோன் கலந்தது, விரல் பக்கம் தடித்த தையல் இல்லாதது, மேல்விளிம்பு காலை வெட்டாதது என்று பார்த்து மூன்று சோடி வாங்குங்கள். நிறம் வெள்ளையாக இருக்கட்டும். இரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில்தான் உடனே தெரியும். விறைத்த காலுக்கு இதைவிட மலிவான காவல் இல்லை. மத்தியானம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் சோளகக் காற்றே காயவைத்துவிடும். இரண்டு மேசு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அளந்து வாங்கிய சப்பாத்தை அது ஒடுக்கமாக்கிவிடும்.

பழக்குவது

புதுச் சப்பாத்தோடு யாத்திரைக்குப் போகக்கூடாது. எட்டு வாரம் முன்னதாக வாங்கி, முதல் வாரம் வீட்டு வளவுக்குள் நாளுக்கு அரை மணித்தியாலம் போடுங்கள். பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் கிரவல் பாதை போன்ற இடங்கள் பயிற்சிக்கு நல்லவை, மேடுபள்ளமும் மணலும் கலந்திருக்கும். கடைசி இரண்டு வாரத்தில், யாத்திரையில் ஒரு நாளில் நடக்கப்போகும் தூரத்தை, பையையும் சுமந்துகொண்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் பிறகு சப்பாத்தையும் மேசையும் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். அரை மணித்தியாலம் கழிந்தும் போகாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூட. அது தொடர்ந்து வந்தால் சப்பாத்தைத்தான் மாற்றவேண்டும், பாதம் பழகிக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள்.

பயிற்சியிலும் சரி, வன்னிப் பகுதி யாத்திரையிலும் சரி, மண்டையோடு போட்ட சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் போகாதீர்கள். மறைவிடம் தேடிப் போகும்போதும் மிதிபட்ட பாதையை விட்டு விலகவேண்டாம். கண்ணிவெடிக்குத் தாங்கும் சப்பாத்து எதுவும் கடையில் இல்லை.

உடுப்பு

சாறியின் கீழ்விளிம்பு முள்ளில் சிக்கும், ஆற்றில் நனைந்தால் காலைச் சுற்றும். நடக்கும்போது தொளதொளப்பான சல்வார், கோயில் வாசலுக்கு ஒரு மெல்லிய சாறி என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி கூடாது என்று மலையேற்றம் பற்றிய அறிவுரைகளில் வாசித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக்குச் சொன்னது, அங்கே நனைந்த பருத்தி உடலைக் குளிரவைத்து ஆபத்தாக்கும். நம்முடைய வெயிலில் அந்தக் குளிர்ச்சி உதவி. மேல்சட்டை வெளிர்நிற, நீளக்கைப் பருத்தியாகவே இருக்கலாம். தோல் உராயும் இடங்களில் மட்டும் பருத்தியைத் தவிருங்கள்: உள்தொடைக்கு முழங்கால்வரை நைலோன் கலந்த இறுக்க உள்ளாடை, அக்குளிலும் மார்புப்பட்டி ஓரத்திலும் வசலின். டெனிம் வேண்டாம், கனம், காயாது, தையல் அறுக்கும். தலைக்கு அகல விளிம்புத் தொப்பி அல்லது ஈரத் துவாய். குடை பிடித்து நடக்க வெட்கப்படாதீர்கள். தம்பியின் ஜக்கெற் சிவனொளிபாதமலைக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது உதவும்.

காட்டில் சல்வாரின் கால்விளிம்பை மேசுக்குள் செருகினால் உண்ணி தோலுக்கு ஏறுவது குறையும். ஏறியிருந்தால் சிறு சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வேண்டாம். இரவில் வெறுநிலத்தில் படுக்காமல், விளிம்பைப் பாயின் கீழே செருகிய நுளம்பு வலைக்குள் தூங்குங்கள். நுளம்பை மட்டுமன்றி, நித்திரையில் இருப்பவரைக் கடிக்கும் கட்டுவிரியன் பாம்பையும் அது தடுக்கும். இருட்டில் இரண்டடி போவதென்றாலும் ரோச் லைற்றும் சாண்டில்ஸும் வேண்டும்.

பை

60 லீற்றர் பை வேண்டாம். பெரிய பையை யாரும் பாதி நிரப்பிக்கொண்டு போவதில்லை. உங்கள் எடைக்குத் தண்ணீரோடு சேர்த்து 6 கிலோவுக்கு மேல் சுமக்கவேண்டாம். மூன்று லீற்றர் தண்ணீரே மூன்று கிலோ. 25 முதல் 30 லீற்றர் அளவில், இடுப்புப் பட்டி உள்ள பையாகப் பாருங்கள். பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து பாரத்தைத் தாங்கவேண்டும், தோள்பட்டி பையைச் சாயாமல் பிடித்தால் போதும். சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் உள்ளங்காலில் ஏறுகிறது.

உணவு விடயத்திலும் குளுசையிலும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கிளிக்லசைட் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். குளுசைகளை முழுதாக நிறுத்தினால் சீனி ஏறி, காயம் ஆறாது. நடை நாட்களுக்கு அளவைக் குறைக்கவேண்டுமா என்று கிளினிக் டொக்டரிடம் இப்போதே கேளுங்கள். விரதம் வேண்டாம். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். அந்தச் சீனிப் பொதி இடுப்புப் பட்டிப் பைக்குள் இருக்கவேண்டும். பையின் அடியில் இருந்தால், தேவையான நேரத்தில் உங்கள் கை அதைத் தேடாது. கூட நடக்கும் ஒருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

பாதத்துக்கென ஒரு சிறு பொதி: உள்ளங்காலைப் பார்க்க ஒரு கண்ணாடி, காயம் கழுவச் சலைன், கிருமியற்ற கோஸ், கடதாசி பிளாஸ்ரர், பொவிடோன் அயடின், வசலின். கடதாசி பிளாஸ்ரரைக் குதியிலும் பெருவிரல் ஓரத்திலும் காலையிலேயே சுருக்கமில்லாமல் ஒட்டிவிடலாம், உராய்வு குறையும். வசலின் குதி வெடிப்புக்குப் பூசலாம், விரலிடுக்கில் பூசவேண்டாம். காலாணிப் பிளாஸ்ரரில் இருக்கும் அமிலம் விறைத்த தோலைத் தின்னும், அது வேண்டாம். பிளேட்டும் வேண்டாம். நடந்து களைத்தபின் சுடுதண்ணீரில் கால் ஊறவைப்பதையும் விடுங்கள், சூடு உங்களுக்குத் தெரியாது.

வழியில்

காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையால் தடவிய பிறகே போடுங்கள். கல், முள், தேள் மூன்றுக்கும் இது ஒன்றே வழி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, மேசைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குழு போய்விடும் என்று இதைத் தள்ளிப்போடத்தான் மனம் சொல்லும். அதனால் உங்களோடு தங்கி நிற்க ஒரு தோழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வந்தால், ஊசியில் நூல் கோத்து ஊடுருவ விட்டுவிடுவது யாத்திரிகர்களிடையே வழக்கம். உங்களுக்கு அது கூடாது, கிருமி அந்த நூல் வழியே உள்ளே போகும். உடையாத கொப்புளத்தைக் கோஸால் மூடி, அன்றைய நடையை நிறுத்தி, மருத்துவ முகாமிலோ வைத்தியசாலையிலோ காட்டுங்கள். உடைந்திருந்தால், சுற்றிச் சிவந்தால், சீழ் வந்தால், தோல் கறுத்தால், அந்த வருடத்து நடை அங்கேயே முடிந்தது. கால்நோவுக்கு டைக்ளோபெனக் குளுசை யாரும் தந்தாலும் வாங்காதீர்கள். உடல் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோல் போதும்.

வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் காலையும் மாலையும் பாதம் பார்ப்பதைத் தொடருங்கள். காய்ச்சல் வந்தால் காட்டில் நடந்தது, ஆற்றில் இறங்கியது, உண்ணி கடித்தது எல்லாவற்றையும் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான் நேரத்தோடு பிடிபடும். ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், நோவே இல்லாவிட்டாலும் அந்தக் காலை நிலத்தில் ஊன்றாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விறைத்த பாதத்தில் எலும்பு நொறுங்கத் தொடங்குவது அப்படித்தான் தெரியவரும். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். “ஒன்றுமில்லை” என்று அனுப்பினால், உங்களுக்குச் சீனியால் கால் விறைப்பு இருப்பதைச் சொல்லி, நீரிழிவுப் பாதத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.